கவர்னர்களின் தோட்டத்தில் ஜபருல்லா

கோவை கோட்டைமேட்டு ஜபருல்லா மால்டாவுக்குப் போனபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதுவரை பீளமேட்டில் ஒரு மில் முதலாளியின் பங்களாவில் தோட்டவேலை பார்த்தார். பங்களாவை இடித்து அடுக்குமாடி எழும்பத் தொடங்கியதும் அங்கே செடியும் இல்லை, அவருக்கு வேலையும் இல்லை. மருமகன் சாஜித்தின் நண்பன் மால்டாவில் இருந்தான். மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே பொதுத் தோட்டங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டான்.

மகள் இல்மா கல்யாணமாகித் திருப்பூரில் இருந்தாள். மனைவி ஆமினா பீவி வீட்டில் தனியாகத்தான் இருக்க வேண்டும். "ரெண்டே வருசம், வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆமினா பையில் ஊறுகாய் பாட்டிலை வைத்து மூடினாள்.

தலைநகரின் கோட்டை மதில்மேல் இருந்தது அவருக்குக் கிடைத்த தோட்டம். சுற்றிலும் கடற்காற்று. நடுவே வெள்ளைக் கல்லில் ஒரு கல்லறை மண்டபம். முதல் சில வாரங்கள் அதைச் சுற்றிப் பெருக்கினாரே தவிர யாருடையது என்று தெரியாது. மொழி தெரியாத ஊரில் யாரிடம் கேட்பது?

கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் கார்ம்னு, ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவர் பேசிய மொழியில் அங்கங்கே குர்ஆன் ஓதும்போது வருகிற அரபுச் சொற்கள் கேட்டன. கல்லறையைக் காட்டி ஒருநாள் கார்ம்னு ஏதோ சொன்னார். அதில் ஊரில் கல்லறைக்குச் சொல்லும் 'கபர்' போல ஒரு சொல் காதில் விழவும் ஜபருல்லா நிமிர்ந்தார். அன்றிலிருந்து அரைகுறை ஆங்கிலமும் கைச்சாடையுமாகப் பேச்சு வளர்ந்தது.

தீவை ஆண்டவர்களின் கதையைக் கார்ம்னு சொன்னார். முதலில் சிலுவைப் போர்வீரர்களின் தலைவர்கள். அவர்களைத் துரத்திவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களின் தளபதி இதே மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தார். உள்ளூர்க்காரர்கள் வெளியே முற்றுகை போட்டு, உள்ளே சோறில்லாமல் செய்துவிட்டார்கள். பிறகு இங்கிலீஷ்காரர்கள். நூற்றைம்பது வருசத்துக்கும் மேலாக, ஒரு கவர்னர் போனால் அடுத்தவர். கார்ம்னு சின்ன வயதில் கடைசி கவர்னரின் காரைப் பார்த்துக் கையசைத்திருக்கிறார்.

"இங்கே படுத்திருக்கிறவர் உங்கள் நாட்டிலிருந்து வந்தவர்தான்" என்றார் கார்ம்னு.

ஹேஸ்டிங்ஸ் பிரபு. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து மொத்த இந்தியாவையும் கட்டியாண்டவர். வயதான காலத்தில் இந்தச் சின்னத் தீவுக்குக் கவர்னராக வந்து, கடலில் கப்பலிலேயே இறந்துபோனார். சாகுமுன் ஒரு விருப்பம் சொல்லியிருந்தார். அவர் உடம்பு எங்கே கிடந்தாலும் சரி, வலது கையை வெட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். மனைவி இறக்கும்போது அவளோடு சேர்த்து அடக்கம் செய்ய வேண்டும். அப்படியே செய்தார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆமினாவுக்கு போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னார்.

"ஏனுங்க, கையை மட்டும் கொண்டுபோயி அந்தம்மா என்னங்க பண்ணும்?"

"அந்தம்மா மவுத்தானதுக்கு அப்புறந்தான் ஆமினா. கூட வெச்சுப் பொதைச்சாங்களாம்."

"நீங்க உசுரோட இருக்கறப்பவே முழு ஆளா வந்து சேருங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

ஜபருல்லா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

நோன்புக்கு ஊரில் இருப்பதாக முடிவு செய்து டிக்கெட் எடுத்தார். அது கொரோனா வந்த வருசம். மார்ச் மாதமே விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

நோன்பு தொடங்கிய சில நாளில் ஆமினாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திருப்பூரிலிருந்து ஊரடங்குக்குப் பாஸ் வாங்கி இல்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"அத்தா, அம்மா மவுத்தாயிருச்சு" என்று போனில் சொன்னாள். வீடியோவில் முகத்தைக் காட்டினாள். வெள்ளைத் துணிக்கு நடுவே சின்னதாகத் தெரிந்த முகத்தை, வெயிலில் போனைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். காலடியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கார்ம்னு வந்து குழாயை நிறுத்தினார். என்னவென்று கேட்டார். ஆங்கிலம் வாயில் வரவில்லை. "மவுத்து" என்றார் ஜபருல்லா.

அந்தச் சொல் கார்ம்னுவின் மொழியிலும் அதேதான். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். தொட்டுத் தேற்றக் கூடாத காலம். ஜபருல்லா யாசீன் ஓதி முடிக்கும்வரை அவர் எழுந்து போகவில்லை.

விமானம் மறுபடி ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்துத்தான் ஊருக்கு வர முடிந்தது. சாஜித் அடக்கத்தலத்துக்குக் கூட்டிப் போனான். மழைக்குப் பிறகு புல் மண்டிக் கிடந்தது.

"இந்த வரிசைதானுங்க மாமா. இதா, அதா... வேப்பமரத்துக்கு நேரா வெச்சமாதிரி ஞாபகம்."

இரண்டு மண்மேட்டுக்கும் சேர்த்துச் சலாம் சொன்னார்.

அங்கிருந்த பொறுப்பாளர் ரசாக்கிடம், பக்கத்தில் ஒரு இடம் தனக்கென்று விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். ரசாக் வருத்தப்பட்டார். "அப்படிப் புடிச்சு வைக்கற வழக்கமில்லீங்களே பாய். மையத்து வர வர வரிசையா அடக்கம் பண்றோம். அந்தப் பக்கமெல்லாம் அப்பவே நெறஞ்சுபோச்சுங்க." ஜபருல்லா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

இல்மா திருப்பூருக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். பெருநாளைக்கு வாரேன் என்று சொல்வார், போவார், மறுநாளே திரும்பிவிடுவார்.

இப்போது அன்னூர்ப் பக்கம் அரங்கசாமி என்பவரின் நர்சரியில் வேலை பார்க்கிறார். தினமும் பஸ் மாறிப் போய் வர வேண்டும். அங்கேயே தங்க ஓர் அறை காலியாக இருக்கிறது. அரங்கசாமி ஒருநாள் கேட்டார்.

"ஊட்ல யாராச்சும் இருக்காங்களா பாய்?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க தினமும் இவ்வளவு தூரம்?"

ஜபருல்லா நாற்றுப்பையில் மண்ணை அமுக்கிக்கொண்டே சொன்னார்: "ஊட்டுக்குப் போற பழக்கமே உட்டுப்போச்சுங்க. இப்பத்தான் பழகறேன்."