எண்ணூர் பங்களாவின் கல் மேஜை

கும்பினிக் காலத்துத் துரை பங்களாவைப் பார்க்கக் குடும்பத்தோடு எண்ணூருக்கு ரயிலேறி வந்திருக்கிறோம். யுத்தத்தின்போது பட்டாளம் தங்கிவிட்டுப் போன வீடு. கதவு, ஜன்னல் ஒன்றையும் காணோம். கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் நீளமான சலவைக்கல் மேஜை மட்டும் மிச்சம். துரை விருந்து வைத்த மேஜை என்று மகளிடம் தெரிந்தது பாதி, தெரியாதது பாதியாக அளந்துகொண்டே அதன்மேல் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன்.

படியருகே ஒரு மீனவப் பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்து நிற்கிறாள். போகாமல் எங்களையே பார்க்கிறாள்.

"நீயும் கொஞ்சம் சாப்பிடறியாம்மா?" என்கிறாள் என் மனைவி.

"வோணாம்மா. நீங்க துன்னுட்டு எய்ந்திருங்க. மேஜைய கயுவணும்."

"நாங்களே துடைச்சிட்டுப் போறோம். உனக்கு எதுக்குச் சிரமம்?"

"அதுக்கில்லம்மா." கடல் பக்கம் கையைக் காட்டுகிறாள். "காத்துல மாட்டிக்கின எங்க வூட்டுக்காரரு ஒடம்பு ஆப்ட்டுச்சாம். கட்டுமரத்துல எட்த்துகினு வர்றாங்க. போலீசு வந்து பாக்குற வரிக்கும் இதும்மேலதான் போடுவாங்க. எங்க குப்பத்துல யார் செத்தாலும் இங்கதான்."

மகள் வாயில் போட்ட கவளத்தை மெல்லாமல் என்னைப் பார்க்கிறாள். நான் இலையைச் சுருட்டப் போகிறேன். அந்தப் பெண் தடுக்கிறாள்.

"கொயந்த துன்னட்டும் சாமி. கட்டுமரம் இன்னும் கரைக்கு வர்ல."