வளைந்த கொம்பு ஊதிய கல்யாணம்

ரங்கூனில், பபேடான் பக்கம், ஹார்மோனியம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை இது. யாரிடமும் தொழில் படித்தவனில்லை. பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அதனால் காற்றில் பாடுகிற சாமான் எது கெட்டாலும் ஜனங்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் சுவிட்சர்லாந்துத் துரை ஒரு குழலைக் கொண்டுவந்தார். முழம் நீள மரக்குழல், அடியில் கைத்தடிப் பிடிபோல வளைந்திருந்தது. தலையில் ஒரு மர மூடி, அதில் விரிசல். பெயர் க்ரும்ஹார்ன் என்றார். அவர் பாஷையில் வளைந்த கொம்பு என்று அர்த்தமாம். பழைய காலத்தில் அரண்மனைகளில் ஊதினார்களாம். பிறகு ஊரே மறந்துவிட்டதாம். பாட்டனார் வழியில் அவருக்கு வந்தது. நம் கோயில் கொம்பும் வளைவுதானே, பெயர் வைப்பதில் எல்லா ஊர்க்காரனும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே சீவாளி! நாணல் தட்டை இரண்டு, முகத்தோடு முகம் வைத்துக் கட்டியது. நம் நாகஸ்வரத்தில் இருப்பது; பர்மாக்காரர் கூத்தில் ஊதும் 'நே' என்ற குழலிலும், சீவாளியைப் பனையோலையில் செய்தாலும், இதே சூட்சுமம்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கும் இதை யார் சொல்லிக்கொடுத்தது? வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சீவாளி உளுத்துப் போயிருந்தது. புதிது கட்ட எனக்குத் தெரிந்தவர் ஒருவரே. அலோன் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு, சாயங்காலம் கோயிலில் நாகஸ்வரம் வாசித்தவர். 'வாசித்தவர்' என்றுதான் சொல்லவேண்டும். ஒருநாள் மூட்டை தூக்கும் கயிறு அறுந்து, அதன் கொக்கி உதட்டைக் கிழித்துவிட்டது. காயம் ஆறியும் உதடு விறைத்துப்போய், சீவாளியைக் கவ்வ மறுத்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாலி ஏறும்போது அப்பா ஊத வேண்டும் என்று அந்தப் பெண் பாவாடை கட்டிய வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு ஒருவரைப் பேசலாமா என்று வீட்டில் கேட்டால் மனிதர் எழுந்து வெளியே போய்விடுவார்.

சீவாளியைச் சீவிக் கட்டினார். மூடி ஏதோ தூசிக்காகப் போட்டது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்து, அதை ஓரமாக வைத்துவிட்டோம். நாகஸ்வரத்தைக் கண்டவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? உதட்டில் வைத்து ஊதினார். காற்று பக்கவாட்டில் சீறியது. மறுபடி ஊதினார், அதே சீறல். குழலைத் துணியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வேளையில் துரை வந்தார். மூடியை மாட்டினார், அதன் உச்சியில் நான் விரிசல் என்று நினைத்திருந்த பிளவைக் காட்டி, இதில் ஊதுங்கள் என்று சைகை செய்தார்.

நாகஸ்வரக்காரர் என்னைப் பார்த்தார். "அப்போ வாசிக்கிறவன் உதடு சீவாளியைத் தொடவே தொடாதா தம்பி?"

"தொடாதாம் அண்ணே."

"அப்போ என் உதடு எப்படி இருந்தா என்ன?"

ஊதினார். வண்டு ஒன்று மரப்பொந்துக்குள் இருந்து பாடினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாதம். ஒரு ஸ்தாயிக்கு மேல் ஒரு ஸ்வரம், அவ்வளவுதான் இடம். அதற்குள் ஆனந்தபைரவியை விரலாலேயே வளைத்துக் காட்டினார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னதும், கல்யாணம் முடியும்வரை குழல் இவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ஒரு கொட்டகையில். மாப்பிள்ளையின் தாய்மாமன் குழலைப் பார்த்துவிட்டு, "மேளம் கேட்டா கைத்தடியக் கொண்டாந்திருக்கீங்களே" என்றார். தவில்காரர் வாரை இழுத்துக்கொண்டே, "கைத்தடிதான் மாமா. நமக்கு வயசானா ஊனிக்கவும் ஆகும்ல" என்றார். கொட்டகை சிரித்தது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும்: நாதம் சின்னது. கெட்டிமேளம் என்பதே, அந்த நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழாமல் அமுக்கத்தான். இதோ, தவில் ஒரு தட்டுத் தட்டினாலே இந்தக் குழல் காணாமல் போய்விடும்.

முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று ஐயர் கையை உயர்த்தினார். தவில்காரர் குச்சியைக் கீழே வைத்தார். விரல்களில் மாட்டியிருந்த கூடுகளையும் கழற்றினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் வாயை மூடுங்க. இன்னிக்கு நீங்கதான் கெட்டிமேளம்" என்றார்.

கொட்டகை அடங்கியது. தாய்மாமன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மாள் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வெறும் விரல்கள் தவில் தோலை வருட, அதன்மேல் வளைந்த கொம்பு எழுந்தது. பெண் தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் அப்பா பக்கம் திருப்பினாள். தாலி ஏறியது.

எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். அட்சதை விழுகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.