மூக்கில் விட்ட இரண்டு சொட்டு

என் கணவருக்கு இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்த நாள் முதல் எங்கள் சமையலில் ஆலிவ் எண்ணெய்தான். இதயத்துக்கு நல்லது என்று படித்திருந்தேன். அவ்வளவு நல்ல எண்ணெய் என்றால், நாற்பத்திரண்டு வயதில் நான் பெற்ற மகளுக்கும் ஆகட்டுமே என்று நினைத்தேன்.

கோலா பிலா ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று மாதக் குழந்தைக்கு அந்த எண்ணெயைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சளி பிடிக்காமலிருக்க, எங்கள் வழக்கப்படி மூக்கில் இரண்டு சொட்டு விட்டேன். இருமத் தொடங்கியவள் மூச்சுத் திணறினாள். உதடு நீலமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் மருத்துவமனைக்கு ஓடினோம்.

"மூக்குல ஏதாச்சும் விட்டீங்களாக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

படித்தவள் இப்படிச் செய்தாளா என்று நினைப்பாரே என வெட்கப்பட்டு, "இல்ல டாக்டர்" என்றேன்.

"பொய் சொல்லாதலா! பிள்ளை உயிரு!" என்று கணவர் கத்தினார்.

"ஆலிவ் ஆயில்தான் டாக்டர், நல்ல எண்ணெய்..." என்று அழுதேன்.

"சாப்பாட்டுக்கு நல்லதுதான். நுரையீரலுக்குள்ள போனா எந்த எண்ணெயும் ஆபத்துக்கா."

ஆறு நாள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்து பிழைத்தாள். அவள் தும்மினால்கூட இன்னும் ஓடிப்போய் உதட்டின் நிறத்தைப் பார்க்கிறேன்.

ஆலிவ் எண்ணெய் இப்போது அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதில்லை. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள், "மூக்குக்கு எண்ணெய் விட்டியா?" என்று கேட்கிறார்கள். டாக்டரிடம் மறைக்கப் பார்த்ததை, அவர்களிடம் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.