உப்பு கொறஞ்சிருச்சுங்க

எங்க ஊர்ப்பக்கம் கிட்னி கெட்டவங்களுக்கு உப்புன்னா ரெண்டு. ஒண்ணு சோத்துல போடறது. இன்னொண்ணு ரத்தத்துல ஏறறது. டாக்டர் கிரியாட்டினின்னு சொல்றதை, லேப்புலயிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாரும் உப்புன்னுதான் சொல்வாங்க. இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிட்ட புண்ணியவான் எங்க ஊட்டுக்காரர்.

பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். துணியில நூலளவு பிசகினாலும் கண்டுபிடிச்சிருவாரு. தன் உடம்பு விசயத்துல மட்டும் சுத்த மக்கு. கால் வீங்கினப்ப, "நாளெல்லாம் நின்னா வீங்காதா புள்ள"ன்னாரு. கிட்னி கெட்டிருக்குன்னு கண்டுபிடிச்ச டாக்டர்தான் கறாராச் சொன்னாரு: "சோத்துல உப்பைக் கொறைக்கலீன்னா சீக்கிரமே டயாலிசிஸ்தானுங்க." மெஷின்ல படுக்கறதுன்னா அவருக்கு அப்படியொரு பயம். எனக்கு அதைவிடப் பயம். நான் கத்திக் கத்தியே அதை மறைச்சுக்குவேன்.

அன்னியிலிருந்து ஊட்டுல ஊறுகா, அப்பளம், வடகம் எல்லாத்தையும் ஒழிச்சேன். பேருக்கு உப்புப் போட்ட ரசத்தைக் கசாயம் மாதிரி கண்ணை மூடிட்டுக் குடிப்பாரு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு தெரியாமயா சொன்னாங்க?"ன்னு முனகுவாரு. "அப்பக் குப்பையில போயி உக்காந்து தின்னுங்க"ன்னு நானும் விடமாட்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு லேப்புல ரிப்போர்ட் குடுத்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "உப்பு கொறஞ்சிருச்சுங்க"ன்னுச்சு. நான் நேரா அவிநாசிக் கோயிலுக்குப் போய்த் தேங்கா ஒடைச்சேன். அதுக்கப்புறம் மனுசன் தங்கமா மாறிட்டாரு. சப்புன்னு இருக்கற பொரியலுக்கு ஒரு சொல் குறை சொல்லலை. எனக்குப் பெருமை தாங்கலை. ஆனா காலு மறுபடியும் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு தடம் கெடந்துச்சு. நான் மாத்திரையைத்தான் திட்டிட்டிருந்தேன்.

ஒருநாள் மாத்திரையை மறந்துட்டுப் போயிட்டாருன்னு மத்தியானம் கம்பெனிக்கே எடுத்துட்டுப் போனேன். எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்பிட்டிட்டிருந்தாங்க. இவரு தட்டைப் பார்த்தா, அடக் கடவுளே! நான் குடுத்தனுப்பின சோத்துப் பக்கத்துல மோர்மொளகா, நார்த்தங்கா, பொரிச்ச கருவாடு. தூத்துக்குடிப் பக்கத்து டெய்லரம்மா வெள்ளந்தியாச் சொல்லுச்சு: "ஒடம்புல உப்பு கொறஞ்சிட்டுன்னு அண்ணாச்சி சொன்னாவ மைனி. தேறட்டும்னு நாங்கதான் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டாரோம்." பீகார்க்காரரு தன்னோட மாங்கா ஊறுகா டப்பாவை எங்கிட்ட நீட்டி, "மாஸ்டர்க்கு உப்பு கம்மி அக்கா"ன்னாரு.

வந்த ஆத்தரத்துக்கு அந்த டப்பாவையே தூக்கி எறிஞ்சிருப்பேன். அந்த மூஞ்சிகளைப் பார்த்ததும் மனசு வரலை. இவரை மட்டும் படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

"கொறஞ்சிருச்சுன்னு உன்ற முன்னாலதான சொல்லுச்சு அந்தப் புள்ள? கொறஞ்சா நெரப்ப வேண்டாமா? உன்னக் கேட்டாக் கத்துவ."

"அது ரத்தத்து உப்புங்க! அது கொறையத்தான் நான் இத்தனை பாடுபட்டேன்!"

அவரு மொகம் செத்துப்போச்சு. அங்கயே படியில உக்காந்துட்டாரு.

அடுத்த ரிப்போர்ட்டுல உப்பு ஏறியிருந்துச்சு. நோவே முத்திக்கிட்டுதான் வந்துச்சாம், இதுவும் சேர்ந்து தள்ளிவிட்டிருக்கும்னாரு டாக்டர். டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்குத் தோதா எடது கை ரத்தக்குழாயில ஆப்பரேசன் பண்ணி வெச்சுக்கச் சொன்னாரு. திரும்பி வர்றப்ப வண்டியில பின்னால உக்காந்து கம்பெனிக்காரங்களை நான் வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டு வந்தேன். இவரு ஓரமா வண்டியை நிறுத்தினாரு. "எனக்கு ஆகறது ஆகட்டும் புள்ள. அவங்ககிட்ட மட்டும் சொல்லீராத. தெரிஞ்சா அவங்களுக்குச் சோறு எறங்காது."

ஆப்பரேசன் முடிஞ்சு ஊட்டுக்கு வந்தப்ப டெய்லரம்மா பார்க்க வந்துச்சு. கட்டுப் போட்ட கையைப் பார்த்துட்டு மெதுவாக் கேட்டுச்சு: "மைனி, எங்க கருவாட்டாலயா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கட்டில்ல படுத்துட்டு இவரு என்னையே பார்த்துட்டிருந்தாரு.

"சேச்சே, இல்லீங்க. கருவாடு என்ன பண்ணும்? இது அவரு ஒடம்போட வாகு."

அந்தம்மா மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதுருச்சு. இவரு கட்டுப் போடாத கையை நீட்டி என் கையைப் புடிச்சாரு. கண்ணாலமாகி இத்தனை வருசத்துல அடுத்தவங்க முன்னால அவரு என் கையைப் புடிச்சது அதுதான் மொதத் தடவை.