ஜெபமணி டீச்சர் எழுந்து நடந்த ஞாயிறு

டவுண் தெற்கு ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பார்சல் இறக்கிக்கொண்டிருந்தபோது தங்கை எஸ்தர் போன் செய்தாள். "அண்ணே, ஜெபமணி டீச்சர் போயிட்டாங்க." காலையில் ஜெபம் பண்ண உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மீதிப் பெட்டிகளையும் இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். இல்லாவிட்டால், இதையும் பாதியில் விட்டுட்டியா என்று டீச்சர் கேட்டிருப்பார்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்களில் பாதிப்பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். விடை தப்பினால் ஒன்றும் சொல்ல மாட்டார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் விட மாட்டார். "தப்பா இருந்தாலும் ஒந் தப்பா இருக்கட்டும்லே" என்பார். கோயிலிலும் அப்படித்தான். பிரசங்கம் நீண்டால் வேதாகமத்தை டப்பென்று மூடுவார். புதிதாக வரும் குருவானவர்கள் முதல் மாதத்திலேயே அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுவார்கள்.

பொதுத்தேர்வு முடிவு வந்ததும், அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. பாஸான பிள்ளைகளைக் குருவானவர் பீடத்தின் முன் அழைத்து, தலையில் கைவைத்து ஜெபிப்பார். சபை மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்க்கும். எழுந்து போகாதவர்களைத்தான் அதிகம் பார்க்கும். அதனால் பெயிலானவர்களுக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும். சிலர் அப்புறம் கோயில் பக்கமே வர மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் எஸ்தர் பிளஸ் டூ கணக்கில் பெயிலானாள். நான் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தில் விட்டிருந்தேன். அம்மாவுக்கு இது அடுத்த அடி. இனி இந்த ஊரில் யார் முகத்திலும் விழிக்க மாட்டேன், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று எஸ்தர் பையைக் கட்டி வைத்துவிட்டாள். அந்த ஞாயிறு காலை டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி எஸ்தர், உள்ள என்ன செய்யுத?"

"காய்ச்சல் டீச்சர்."

"கணக்குல பெயிலானா காய்ச்சல் வருமாக்கும்? அப்பம் நம்ம ஊருல பாதிப்பேரு ஆஸ்பத்திரியிலல்லா கெடக்கணும். தலையச் சீவிட்டு வா."

"வேண்டாம் டீச்சர், எல்லாரும் பாப்பாங்க" என்றார் அம்மா.

"பாக்கட்டும். கண்ணு பின்ன எதுக்கு இருக்கு?" என் பக்கம் திரும்பினார். "நீ என்னலே நிக்க? வண்டிய எடு."

கோயிலில் குருவானவர் பாஸானவர்களை அழைத்தார். பிள்ளைகள் போய் நின்றார்கள். அவர்கள் பின்னால் டீச்சரும் எழுந்து, கம்பை ஊன்றி நடந்தார். குருவானவர் குழம்பிப்போனார். அவர் சட்டையில் மைக் இருந்ததால் பேசியதெல்லாம் எல்லோருக்கும் கேட்டது.

"டீச்சர், இது பாஸான பிள்ளைகளுக்கு..."

"தெரியும் ஐயா. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில கணக்குல பெயிலானவ. அன்னைக்கு எனக்கு யாரும் ஜெபம் பண்ணல. இன்னைக்குப் பண்ணுங்க."

அவரிடம் கணக்குப் படித்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு காலமும் ஒருவருக்கும் தெரியாது. பிறகு பின்வரிசையில் மளிகைக்கடை அண்ணாச்சி எழுந்தார். "நானும் இங்கிலீசுல போனவந்தான் வே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு நடந்தார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எஸ்தர் எழுந்துவிட்டாள். அவள் பின்னால் நானும் போனேன்.

"நீ எங்கலே வார? நீ பரீட்சையே எழுதலையே" என்றார் டீச்சர். பிறகு, "சரி, வந்தது வந்துட்ட. பைய முழங்கால் போடு."

மறுவருடத்திலிருந்து, பரீட்சை எழுதின பிள்ளைகள் எல்லாரும் வாங்க என்றுதான் எங்கள் கோயிலில் கூப்பிடுகிறார்கள். எஸ்தர் திருப்பூர் போகவில்லை. துணைத்தேர்வு எழுதி, படித்து, இன்றைக்கு வண்ணார்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் சோதிக்கிறாள். அந்த ஞாயிறு முடிந்து அடுத்த ஞாயிறும் அவள் தானாகக் கோயிலுக்குக் கிளம்பினாளே, எனக்கு அதுதான் பெரிது.

அடக்க ஆராதனையில் பெரிய பெரிய ஆட்கள் பேசினார்கள். டாக்டர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர். டீச்சரிடம் படித்து எத்தனை மார்க் எடுத்தோம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். சொல்லட்டும், அதுவும் அவர் சம்பாத்தியம்தான். கடைசியில், யாரும் கூப்பிடாமலே எஸ்தர் மைக்குக்குப் போனாள்.

"நான் எஸ்தர். பிளஸ் டூ கணக்குல பெயிலானவ. அன்னைக்கு டீச்சர் எங்க வீட்டுக்கு வந்து என்னைய இங்கன கூட்டிட்டு வந்தாங்க."

அழாமல் சொன்னாள். அவள் இறங்குவதற்குள், பெயிலான கதை வைத்திருந்த இன்னும் பலர் மைக்குக்கு வரிசை கட்டிவிட்டார்கள். அடக்கத்துக்கு நேரமாகிறது என்று குருவானவர் கெஞ்ச வேண்டியதாயிற்று. எங்கள் சபையில் யாருக்கும் இப்படி ஒரு வரிசை நின்று நான் பார்த்ததில்லை.

பார்சல் வாங்குகிறவர்கள் சிலநேரம் என்னிடம், "என்ன படிச்சிருக்க தம்பி?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் ரசீதைக் கிழிக்கிற மாதிரி குனிந்துகொள்வேன். இப்போது கேட்டவர் முகத்தைப் பார்த்து, "பாதியில விட்டுட்டேன்" என்கிறேன். டீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் குனியாத தலை.