மேரி அக்காவின் நாற்றங்கால்

மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் கருவியை மேரி அக்காவின் நாற்றங்காலில் மாட்டியது நான்தான். அதன் கையேட்டில், பைத்தான் என்ற கணினி மொழியில் இருந்த நிரல் எனக்குப் புரியவில்லை. அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன்.

முளைகட்டிய விதையைத் தெளித்து, தண்ணீரை வடித்துவிட்டு, கருவியை நம்பி அக்கா தன் மகள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது நாற்றங்கால் நிறையத் தண்ணீர். விதையெல்லாம் அழுகிக் கிடந்தது. நிரல் புரியாமலே போட்டதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார்.

பிறகு பைத்தான் படித்தேன். சில மாதம் கழித்துக் கையேட்டின் அதே பக்கத்தைத் திறந்தால், இரண்டே வரி: தண்ணீர் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் மோட்டாரைப் போடு. அன்றே யாரிடமாவது கேட்டு வாசித்துக் காட்டியிருந்தால், “முளை விதைக்குத் தண்ணி நிக்கக் கூடாது, நாத்தங்காலுக்கு இது ஆகாதுப்பா” என்று அக்காவே தடுத்திருப்பார்.

கருவியை மாட்டிய அன்று, எல்லாம் தெரிந்தவன்போல அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். இன்றும் உறுத்துவது அதுதான்.