ஐ ஆம் கோயிங்

இங்கிலீஷ் பேசுகிறவனுக்குத்தான் மாமன் மகள் வள்ளியைக் கொடுப்பார்கள் என்று பதினைந்து வயதில் நம்பினேன். இன்று காலை என் மகன் 'ஐ ஆம் கோயிங்' என்று கத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடியபோது, வயிறு பழைய இடத்திலேயே எரிந்தது.

அந்த வயதில், ரங்கூனிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகன் சின்னையா, மாமா வீட்டு வாசலில் இதையேதான் சொன்னான். வள்ளி வாயைப் பிளந்தாள். அங்கே அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அத்தை, போறேங்கிறான்!" என்று போட்டுக்கொடுத்தேன்.

அத்தை பதறிவிட்டாள். "ஏப்பு, கெளம்பையில போறேன்னு சொல்லலாமா? உள்ள வந்து உக்காந்து, ரெண்டு பணியாரம் தின்னுட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லு."

வள்ளிதான் தட்டு வைத்தாள். அவன் நிதானமாகத் தின்றான். போயிட்டு வாரேன் என்றான். அடுத்த தையில் வந்து அவளைக் கட்டிக்கொண்டான்.